கல்லில் உரித்த நார்

"கல்லில் நார் உரித்தல்" என்பது ஆகாத காரியத்தைக் குறிக்கும் ஒரு தொடர். ஈயாதவனிடம் இரந்து நின்றவனும், இரங்காதவன்முன் அழுது நின்றவனும் இத்தொடரைச் சொல்லியே வீடு மீள்வர். சென்ற தவணையில் மரபுத்தொடர்களை விளக்கிக்கொண்டிருக்கையில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வகுப்பறைக் கூரை அஸ்பெஸ்ரோஸ்தானே? அதற்குத் தமிழிற் கல்நார் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. கல்லில் நார் உரித்துக் கூரையே போட்டுவிட்டார்களே. பிறகு இது ஆகாத காரியம் ஆவதெப்படி?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். உலக வழக்கு விஞ்ஞானத்தைக் கேட்டு நடப்பதன்று என்று ஏதோ ஒரு விடை கூறி அப்பாற் சென்றேன். அவ்விடை எனக்கே போதவில்லை. அக்கல்லின் வரலாற்றைத் தேடலானேன். கூரையைப் பற்றி அறியப் புறப்பட்டவன் போர்க்கப்பலொன்றின் அடித்தட்டிற் போய் நின்றேன். அங்கு கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலிற் பெயர். 'அஸ்பெஸ்தோஸ்' என்பது கிரேக்கச் சொல். அணைக்க முடியாதது என்பது பொருள். கிரேக்கர் அப்பெயரால் வழங்கியது சுட்ட சுண்ணாம்பை. இக்கல்லை அவர்கள் 'அமியாந்தோஸ்' என்றனர். மாசுபடாதது என்று பொருள்படும். தீயில் இட்டால் இதன்மேற் படிந்த அழுக்கு எரிந்துபோகும், நார் வெண்மையாக எஞ்சும், ஆதலின் அப்பெயர். பிரெஞ்சுக்காரர் இன்றும் அப்பெயரின் திரிபையே வழங்குகின்றனர். மாசுபடாதது என்று பெயர் பெற்றது, தான் புகுந்த மார்பையெல்லாம் மாசுபடுத்திற்று. உரோம ஆசிரியர் பிளினி, இதனை நெய்த அடிமைகள் தூசிக்கு அஞ்சி முகத்திற் சவ்வுப்பை கட்டியதாக எழுதியுள்ளார் என்று பல நூல்கள் கூறும். அது பிழை. அவர் கூறியது இங்குலிகத் தூளில் வேலை செய்தாரைப் பற்றியது. ஒருவர் பிழைபட எழுதினால் நூறுபேர் அதனைப் படியெடுத்தல் நம் உரைகாரர்க்கு மட்டும் உரிய வழக்கன்று போலும்.

இன்னுமொன்று. நல் என்பதும் நூல் என்பதும் புணர்ந்து நன்னூல் ஆவதுபோலக் கல்லும் நாரும் புணர்ந்து 'கன்னார்' ஆதல் வேண்டும். அவ்வாறு எழுதினால் வாசகர் வெண்கலம் வார்க்கும் கன்னாரை நினைந்து மயங்குவர். ஆகவே புணர்ச்சி விதியைச் சிறிது தளர்த்திக் கல்நார் என்றே எழுதுகின்றேன். இலக்கணப் புலவர் பொறுப்பாராக.

வாணிகத்தில் வழங்கும் கல்நாரிற் பெரும்பாலானவை மூன்று: வெள்ளை, நீலம், கபிலம். நம் கூரைச் சீற்றுகளில் உள்ளது வெள்ளை, கிறிசோற்றைல் என்பர். (2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நம் அரசு எடுத்த முடிவு, 2017 டிசெம்பரில் இரஷ்யா நம் தேயிலையைத் தடுத்த சில நாள்களில் ஒத்திவைக்கப்பட்டமை வேறொரு கதை.) கபில நிறத்ததற்கு அமோசைற்று என்று பெயர். தென்னாபிரிக்கக் கல்நார்ச் சுரங்கங்கள் என்னும் தொடரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கிய பெயர் அது. கப்பற்படை பெரிதும் விரும்பியது இதனையே.

விரும்பியதற்குக் காரணம் இருந்தது. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. கடலில் மாலுமிக்குப் பெரும்பகை நீரன்று, நெருப்பு. 1934 செப்டெம்பரில் மோரோ காசில் என்னும் அமெரிக்கப் பயணிக் கப்பல் தீப்பற்றியபோது 137 உயிர்கள் மாண்டன. நிலத்தில் வீடு எரிந்தால் வெளியே ஓடலாம். கப்பல் எரிந்தால் ஓடுவது எங்கே? போர்க்கப்பலிலோ எண்ணெயும் வெடிமருந்தும் நீராவியும் அடுத்தடுத்து உறைகின்றன. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நாசகாரிக் கப்பல்களிற் சதுர அங்குலத்துக்கு 600 இறாத்தல் அமுக்கமும் 850 பாகை பரனைற்று வெப்பமும் உடைய நீராவி குழாய்களில் ஓடிற்று. அக்குழாயை மூடாவிட்டால், அருகே நிற்பவன் வெந்துபோவான். 1922 ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையும் அதன் பின்வந்தவையும் போர்க்கப்பல்களின் நிறைக்கு எல்லை வகுத்தமையால், குழாய்ப் போர்வையும் நிறை குறைந்ததாக இருத்தல் வேண்டிற்று. எரியாதது, கனம் இல்லாதது, விலை மலிந்தது: மூன்றும் ஒருங்கே பொருந்தியது அமோசைற்று. தீயிலிருந்து காப்பாற்றுவதற்கென்றே அதனைக் கப்பலில் ஏற்றினர். அது காப்பாற்றவும் செய்தது.

இத்தகைய கப்பல்களை நம் கிழக்குக் கரை நன்கறியும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை திருகோணமலையிலே தளம் அமைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் அமிழ்த்திய ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கி இன்றும் மட்டக்களப்புக் கரைக்கு அப்பாற் கடலடியிற் கிடக்கின்றது. கரையில் நின்று அக்கப்பல்களைக் கண்டவர் பீரங்கியைக் கண்டனர், கொடியைக் கண்டனர். தட்டுகளுக்குக் கீழே குழாய்க்கு மேற் குழாயாக ஓடிய வெண்போர்வையைக் கண்டாரில்லை.

அப்போர்வை எப்போதும் ஒருபடித்தாய் இருப்பதன்று. குழாய் ஒழுகினால் போர்வையைக் கிழித்தெறிதல் வேண்டும். பழுது தீர்ந்தபின் தூளைத் தொட்டியிற் கொட்டி நீர் விட்டுக் குழைத்துப் புதிதாகப் பூசுதல் வேண்டும். வால்வின் அடைப்பும் கல்நாரே. சுரண்டி எடுத்து மாற்றுதல் வேண்டும். காற்றுப் புகாத அறை, வெப்பமோ தாங்கவொண்ணாதது; தூசி எழுந்தால் வெளியேற வழியில்லை. பீரங்கி முழங்கும்போதெல்லாம் கப்பல் அதிர்ந்து போர்வையிலிருந்து வெண்டூள் உதிரும். குழாயின் கீழ்க் கட்டிய படுக்கையில் உறங்குவோன்மீது அது படியும். எழுந்து உதறிவிட்டுக் காவலுக்குச் செல்வான். அது அவனுக்குத் தூசி, அவ்வளவே. இருமலும் வராது, கண்ணும் எரியாது, ஒரு தும்மலோடு போம்.

இவ்விடத்திலேதான் இந்நார் ஏனைய நஞ்சுகளினின்றும் வேறுபடுகின்றது. பாம்பு கடித்தால் அன்றே தெரியும். கல்நார் இழையோ தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. நுரையீரலின் கடையறைவரை சென்று தங்குவது. அங்கு வரும் அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் இதனையும் விழுங்க முயலும். நீண்ட இழையாதலின் முழுவதும் விழுங்க இயலாமல் தாமே சிதையும். அப்போரிலே தழும்பு விழும். தழும்பு பெருகி நுரையீரல் தோல்போல இறுகினால் அதற்கு அஸ்பெஸ்ரோசிஸ் என்று பெயர். இழைகளுட் சில நுரையீரலைச் சூழ்ந்த புடைச்சவ்வை எய்தி அங்குப் புற்றை விளைத்தால் மெசோதீலியோமா என்று பெயர். முன்னையது பெரும்பாலும் நெடுங்காலம் மிகுதியாகத் தூசி உண்டவர்க்கு வருவது. பின்னையதற்கு அத்துணைத் தூசியும் வேண்டுவதில்லை. ஆயினும் அது வெளிப்படுதற்கு இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்வரை செல்லும். வெளிப்பட்டபின், பெரும்பாலோர்க்கு எஞ்சியிருப்பது ஏறக்குறைய ஓராண்டு.

இருபது வயதிற் சுவாசித்ததற்கு அறுபது வயதில் மூச்சுத் திணறல். இடையிலே நாற்பது ஆண்டுகள். மருத்துவர் தவறியதும் சட்டம் தவறியதும் இந்த நாற்பது ஆண்டுக் கணக்கிலே என்பது என் கருத்து.

யாரும் அறியாமற் செய்துவிட்டனர் என்று சொல்லுதற்கில்லை. 1899 இல் இலண்டன் சாரிங் குறொஸ் மருத்துவமனையில் மருத்துவர் மொண்டேகு மறே ஒரு கல்நார்த் தொழிலாளியைச் சோதித்தார். தன்னோடு ஓரறையில் வேலை செய்த பதின்மரும் இறந்துவிட, தான் ஒருவனே எஞ்சியதாக அம்மனிதன் கூறினான். மறே 1906 இல் அரசுக் குழுவின்முன் இதனை எடுத்துரைத்தார். 1924 இல் மருத்துவர் குக், றொச்டேல் ஆலைப்பெண் ஒருத்தியின் இறப்பைப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1930 இல் மெரிவெதரும் பிறைசும் அறிக்கை அளித்தனர். 1931 இற் பிரித்தானியாவில் விதிகள் பிறந்தன. அவை ஆலைகளுக்கான விதிகள். கடலிற் செல்லும் போர்க்கப்பலின் கொதிகல அறையை அவை எட்டவில்லை. அமெரிக்காவிலும் 1941 மார்ச்சில் கடற்படை மருத்துவ அதிகாரி ஸ்டீவன்சன், கல்நார் வேலையில் நம் ஆட்களைக் காக்க வேண்டியவாறு காக்கின்றோமில்லை என்று தம் மேலதிகாரிக்கு எழுதினார். ஆண்டு முடியுமுன் அமெரிக்கா போரிற் புகுந்தது. 1943 இற் கப்பற் கட்டுதுறைகளுக்கெனக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகள் அச்சிடப்பட்டன. தூசியைக் குறைக்க வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தது. அச்சிடுதல் எளிது.

இனி 1946 ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்று. ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பிலிப் டிறிங்கரும் அவர்தம் துணைவரும் கடற்படைக் கப்பல்களிற் குழாய்க்குப் போர்வை கட்டிய 1,074 பேரைச் சோதித்தனர். அஸ்பெஸ்ரோசிஸ் கண்டவர் மூவரே. ஆதலின் இத்தொழில் அபாயமானதன்று என்று எழுதினர். அவ்வறிக்கையிலேயே மற்றொரு செய்தியும் உண்டு: சோதிக்கப்பட்டாருள் நூற்றுக்கு 95 பேர் அத்தொழிலிற் பத்தாண்டு கழித்தவரல்லர். நோய் கண்ட மூவரோ இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்.

"வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதா?" என்று நம் யாழ்ப்பாணத்தார் கேட்பர். பனை பாளை தள்ளுமுன் ஒரு தலைமுறை கழியும் என்பது நமக்குச் சிறுவயதிலேயே தெரியும். வடலிக் கூட்டத்துட் புகுந்து அண்ணாந்து பார்த்து, இவற்றில் நுங்கு இல்லை, ஆகவே பனை காய்ப்பதில்லை என்று ஒருவன் எழுதிவைத்தால் அவனை என்னென்போம்? ஆராய்ந்தவர் பொய்யர் அல்லர்; எண்களை மறைத்தாரும் அல்லர். மூவரும் இருபது ஆண்டு கடந்தவர் என்பதைத் தம் கையாலேயே எழுதியிருந்தும், அதன் பொருளை உணராது போயினர். பொய்யன் செய்யும் தீங்கை ஒருநாள் கண்டுபிடிக்கலாம். நல்லவன் பிழையாக முடித்த கணக்கோ நெடுங்காலம் சான்றாக நின்று நிலவும். அந்த அறிக்கையும் பின்னை இருபது ஆண்டளவும் அவ்வாறே எடுத்துக்காட்டப்பட்டது.

கணக்கைத் திருத்தியவர் நியூயோர்க்கு மருத்துவர் இர்விங் செலிக்கொவ். அவரும் அவர்தம் துணைவரும் 1943 தொடக்கத்திற் போர்வை கட்டுவோர் சங்கப் பதிவில் இருந்த 632 பேரை எடுத்துக்கொண்டு, அவர் பின்னர் என்னாயினர் என்று தொடர்ந்து சென்றனர். இன்று எப்படி இருக்கின்றனர் என்று கேளாமல், அன்றிருந்தவர் எங்கே என்று கேட்டனர். வேறுபாடு அவ்வளவே. நுரையீரலிலோ புடைச்சவ்விலோ புற்று வந்து 6 அல்லது 7 பேர் இறத்தல் எதிர்பார்க்கத் தக்கது. இறந்தவர் 45 பேர். அது 1964 இல் வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்னரே, தென்னாபிரிக்க நீலக்கல்நார்ச் சுரங்கப் புறத்தில் 33 மெசோதீலியோமா நோயாளரை வாக்னரும் துணைவரும் எடுத்துக்காட்டியிருந்தனர். 1965 இல் நியூஹவுஸ், தொம்சன் என்னும் மருத்துவப் பெண்மணிகள் இருவர் இலண்டனிலே 76 நோயாளரின் வாழ்க்கையை ஆராய்ந்தபோது, அவருள் ஒன்பதின்மர் ஆலைக்குள் கால் வையாதவர் எனவும், தொழிலாளரின் வீட்டார் எனவும் கண்டனர். அவருள் மிகப்பலர் பெண்கள். கணவரின் வேலைச்சட்டையை உதறித் துவைத்தவர்.

கடற்படையின் உள்ளிருந்தே உண்மை வெளிவந்தது 1968 இல். டெவன்போட் கப்பற்றுறையின் கடற்படை மருத்துவர் ஹரிஸ், அங்குப் புற்றுக் கண்டவர் பெரும்பாலும் போர்வை கட்டுவோர் அல்லர், அவர்க்கு அருகில் நின்று வேறு தொழில் செய்தோர் என்று காட்டினார். ஒருவன் கிழித்த போர்வையின் தூசியை அவ்வறையில் நின்ற அனைவரும் உண்டனர். தூசி பதவி பார்ப்பதில்லை.

சட்டம் பார்த்தது. கப்பலொன்று டெவன்போட்டிற் பழுது பார்க்கப்படுகின்றது என்க. ஒரே குழாயின் அருகில் இருவர் நிற்கின்றனர். ஒருவன் கப்பற்றுறைத் தொழிலாளி, மற்றவன் மாலுமி. நாற்பது ஆண்டு கழித்து இருவர்க்கும் ஒரே புற்று. தொழிலாளி தன் வேலைகொள்வோனை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். மாலுமி அழைக்க முடியாது. பிரித்தானியாவில் 1947 ஆம் ஆண்டுச் சட்டம், முடியரசின்மீது குடிகள் வழக்குத் தொடுக்க வழி திறந்தபோதே, அதன் 10 ஆம் பிரிவினாற் படையினர்க்கு அவ்வழியை அடைத்தது. நோய் சேவையால் வந்ததென்றும் ஓய்வூதியத்துக்கு உரியதென்றும் அமைச்சர் சான்று தந்தால் வழக்கு ஒழிந்தது. நோய் எங்களால் வந்தது என்று ஒப்புக்கொள்ளும் தாளே வழக்கைத் தடுக்கும் தாளும் ஆயிற்று! இவ்வாறமைந்த முரணை அணியிலக்கணத்திற் படித்திருக்கின்றேன். சட்டத்தில் இப்போதுதான் கண்டேன்.

அப்பிரிவு 1987 இல் நீக்கப்பட்டது. ஆயின் முன் நடந்தவற்றுக்குச் செல்லாது. 1987 இற்கு முன் தூசி உண்டவர்க்கே 1987 இற்குப் பின் நோய் வந்துகொண்டிருந்தது. யாருக்குத் தேவையோ அவருக்குப் பயன்படாத திருத்தம். 1955 முதல் 1968 வரை கடற்படையில் மின்வினைஞராக இருந்த ஒருவர் இதனை எதிர்த்து வழக்காடினார். 2003 இற் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2014 இல், பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க இயலாத குடிமைத் தொழிலாளர்க்கென மெசோதீலியோமா நிதித் திட்டமொன்று வந்தது. படையினர் அதிலும் அடங்கவில்லை. அவர்க்கு மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டே என்றனர். ஓராண்டு வாழ இருப்பவனுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம்! படையினர் சங்கம் வாதாடியதன்பின், 2015 டிசெம்பர் 16 இல் 140,000 பவுண் ஒருங்கே பெறலாம் என்று அரசு அறிவித்தது. அப்போதும், அந்நாளில் அல்லது அதன்பின் நோய் கண்டறியப்பட்டவர்க்கே என்றது. ஏற்கெனவே படுக்கையிற் கிடந்தவர்க்கும் அது உரியதென ஒப்புக்கொள்ளுதற்கு மேலும் இரண்டு மாதமளவு சென்றது. அந்நோயாளர்க்கு இரண்டு மாதம் என்றால் என்ன என்பதை வாசகர் கணக்கிடுவாராக.

அமெரிக்காவில் இத்தடையை விதித்தது நீதிமன்றமே. 1950 ஆம் ஆண்டுப் பெரஸ் வழக்கில், சேவைக்கண் நேர்ந்த ஊறுக்காகப் படையினர் அரசின்மீது வழக்கிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வழக்கு எழுந்தது படைவீடொன்று தீப்பற்றி ஒருவர் இறந்தமையால் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எனவே நோயுற்ற மாலுமிகள் கல்நார் விற்ற நிறுவனங்களை நாடினர். அவற்றுட் பெரியதாகிய ஜோன்ஸ்-மான்வில் 1982 இல் வங்குரோத்துப் பாதுகாப்பில் ஒதுங்கிற்று. பம்பும் கொதிகலமும் செய்தோரைக் கேட்டபோது, நாங்கள் வெறும் இரும்பையே விற்றோம், போர்வை போர்த்தது கடற்படை என்றனர். 2019 இல் உச்ச நீதிமன்றம் இதனை முழுதும் ஏற்கவில்லை. போர்வையின்றி இயங்காத பொறியை, போர்த்தினால் ஆபத்து என்று அறிந்தே, எச்சரியாது விற்றவர் கடல்வழக்குச் சட்டத்தின் கீழ்ப் பொறுப்பாளியாதல் கூடும் என்றது. அவ்வழக்கைத் தொடுத்த மாலுமிகள் இருவரும் தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை. மனைவியரே தொடர்ந்து நடத்தினர்.

அடித்தட்டு மாலுமிக்கு மட்டும் வந்தது என்று எண்ணற்க. எல்மோ சம்வோல்ட் இரண்டாம் உலகப் போரில் நாசகாரிக் கப்பல்களிற் பணிபுரிந்து, 1970 இல் தம் 49 ஆம் வயதில் அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியானவர். அப்பதவிக்கு வந்தாருள் மிக இளையவர். 2000 ஜனவரி 2 இல் மெசோதீலியோமாவால் இறந்தார். இவர் வாழ்க்கையில் இன்னொரு துயரும் உண்டு. வியட்நாம் ஆறுகளிற் செல்லும் தம் படகுவீரரை மறைந்திருந்து சுடுவாரிடமிருந்து காக்கக் கரையோர மரங்களின் இலையை உதிர்க்கும் மருந்தைத் தெளிக்க ஆணையிட்டார். அவ்வாற்றுப் படகுகளில் அவர்தம் மூத்த மகனும் இருந்தார். மகன் 1988 இற் புற்றுநோயால் மாண்டபோது, அம்மருந்தே காரணம் எனத் தந்தையும் மகனும் நம்பினர். பலர் உயிர் காத்தமையால் அவ்வாணையைத் தாம் தவறெனக் கொள்ளவில்லை என்றும் தந்தை கூறிவந்தார். குழாய்க்கு அமோசைற்றைப் போர்த்தியவரும் இதனையே கூறக்கூடும். தீயிலே பலர் சாகவில்லை என்பது மெய்தானே. இவ்விடத்தில் யான் எளிதாகத் தீர்ப்புக் கூற மாட்டேன். ஆனாற் காக்க வந்ததே கொல்லவும் வந்தது என்று தெரிந்தபின்னும் வாய் மூடியிருந்தவரைப் பற்றி அவ்வாறு தயங்க வேண்டியதில்லை.

மாலுமி ஓய்வு பெறுவதுபோலக் கப்பலும் ஓய்வு பெறும். பிரெஞ்சுக் கடற்படையின் கிளெமன்சோ என்னும் விமானந்தாங்கி 2005 டிசெம்பர் 31 இல், உடைக்கப்படுவதற்காகக் குஜராத்தின் அலாங் கடற்கரை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. வயிற்றிற் கல்நார் இருந்தமையால் எதிர்ப்பு எழுந்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. 2006 பெப்ரவரி 15 இல் பிரெஞ்சு அதிபர் சிராக் அதனைத் திருப்பி அழைத்தார். இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில், உரிய காப்போடு அது உடைக்கப்பட்டது. அதே 2006 இல் மற்றொரு பிரெஞ்சுக் கப்பலும் அலாங்கிற்கு வந்தது. முன்னாளில் 'பிரான்ஸ்' என்றே பெயர் பெற்றிருந்த பயணிக் கப்பல் அது. அப்போது 'புளூ லேடி' என்ற பெயருடன் வந்தது. அதனைத் திருப்பி அழைக்க அதிபர் எவருமில்லை. கல்நார் கலந்த பொருள் ஆயிரந் தொன்னுக்கு மேல் அதிலிருந்தது. 2007 செப்டெம்பரில் உடைக்க அனுமதி கிடைத்தது. அன்று இருபது வயதோடு அதன் சுவரைப் பிரித்தவனுக்கு 2047 இல் வயது அறுபது.